கீரையில் ஏறிய காட்மியம்: இரண்டு ஊர்களின் வரலாறு



அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்பொழுது நாம் வழக்கமாகச் செடியிலிருந்துதான் தொடங்குகிறோம். செடியை வெட்டுக்கிளி தின்கிறது. வெட்டுக்கிளியைத் தவளை தின்கிறது. செடிக்குக் கீழே இருக்கும் மண் அந்தப் படத்தில் வெறும் பழுப்பு நிறக் கோடாக நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டுக்குள் நடப்பதை உலகுக்கு உணர்த்திய இரண்டு ஊர்களின் வரலாற்றை இங்கு எழுத விரும்புகிறேன். ஒன்று இங்கிலாந்தில் உள்ள ஷிப்பம் என்னும் கிராமம். மற்றொன்று ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரை.

இரண்டு ஊர்களின் மண்ணிலும் காட்மியம் என்னும் உலோகம் கலந்திருந்தது. ஷிப்பத்தில் அதன் அளவு நம்ப முடியாத அளவுக்கு மிகுதி. ஆயினும் அவ்வூர் மக்கள் பெருநோய்க்கு ஆளாகவில்லை. ஜின்சூ ஆற்றங்கரையில் இருந்ததோ அதனோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. ஆனால், அங்கே தாய்மார்களின் எலும்புகள் இருமினாலே முறிந்தன. இந்த வேறுபாடு எப்படி வந்தது? மண்ணைப் பரிசோதித்து ஓர் எண்ணைக் கையில் கொடுத்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணுவோர் இவ்விரு ஊர்களைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஷிப்பத்திற்குச் செல்வோம். இங்கிலாந்தின் தென்மேற்கே, சமர்செட் மாவட்டத்தில், மெண்டிப் குன்றுகளின் மேல் உள்ள சிற்றூர் அது. பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற செடார் அதற்கு அருகில்தான் உள்ளது. மெண்டிப் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அப்பாறைகளின் இடுக்குகளில் கலாமைன் என்னும் துத்தநாகத் தாது கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்தால் உடலில் பூசுகிறோமே இளஞ்சிவப்பு மருந்து, அதன் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். (இன்றைய மருந்தில் இருப்பது தூய்மையாக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடு. பெற்றோர்கள் அஞ்ச வேண்டியதில்லை.)

18ஆம் நூற்றாண்டில் இந்தத் தாதுவுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. காரணம் பித்தளை. செம்பையும் கலாமைனையும் கரித்தூளையும் ஒன்றாக மூடிச் சூடேற்றினால் பித்தளை கிடைக்கும். 1702ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழிற்சாலை தோன்றியது. அடுத்த நூறாண்டுகளில் பிரிஸ்டல் உலகப் பித்தளைத் தொழிலின் மையங்களுள் ஒன்றாயிற்று. ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்ட பித்தளைக் காப்புகளும் பாத்திரங்களும் அங்கிருந்தே கப்பலேறின. ஷிப்பம் மக்கள் தோண்டிய தாதுவில் ஒரு பகுதி அவ்வழியே சென்றிருக்கும் என்பதை எண்ணும்பொழுது மனம் கனக்கிறது.

ஷிப்பத்தில் சுரங்கம் என்றால் நாம் நினைக்கும் பெரிய சுரங்கம் அன்று. குடும்பம் குடும்பமாகத் தங்கள் வீட்டுக்கருகிலேயே குழி தோண்டினர். தாதுவை மேலே கொண்டுவந்து கழுவி, பொடித்து, சூளையில் சுட்டு, பிரிஸ்டலுக்கு அனுப்பினர். கழிவை அங்கேயே குவித்தனர். ஏழ்மை மிகுந்த, எழுத்தறிவற்ற ஊர் அது. எழுத்தாளர் ஹானா மோர் அம்மையாரும் அவர்தம் தங்கை மார்த்தாவும் மெண்டிப் பகுதியில் பள்ளிகளைத் தொடங்கியபொழுது, 1789ஆம் ஆண்டில் செடாரில் முதல் பள்ளியைத் திறந்தனர். அதனை அடுத்து ஷிப்பத்திலும் பள்ளி வந்தது. சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அம்மையார் வாசிக்கக் கற்பித்தார். ஆனால், எழுதக் கற்பிக்கவில்லை! ஏழைகளுக்கு எழுத்து வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஆசிரியர்களாகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆயினும், அந்த ஊருக்கு முதலில் வந்து கதவைத் தட்டியவர் அவர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனி, காட்மியத்திற்கு வருவோம். வேதியியல் அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருப்பது காட்மியம். இரண்டும் ஒரே நெடுவரிசையைச் சேர்ந்தவை. ஆகவே குணமும் ஒத்தவை. துத்தநாகத் தாது எங்கிருந்தாலும் அதனுள் சிறிதளவு காட்மியமும் ஒளிந்திருக்கும். 1817ஆம் ஆண்டு வரை இஃது எவருக்கும் தெரியாது. அவ்வாண்டில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பேராசிரியர் பிரீட்ரிக் ஸ்ட்ரோமயர், மருந்துக் கடைகளை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தபொழுது, மருந்தாக விற்கப்பட்ட துத்தநாகக் கார்பனேட்டைச் சூடேற்றிப் பார்த்தார். இரும்பு கலக்காத தூய பொருள் வெண்மையாக இருந்திருக்க வேண்டும். அஃது மஞ்சளாக மாறியது. காரணத்தைத் தேடியபொழுதுதான் இப்புதிய உலோகம் அகப்பட்டது. கலாமைனுக்கு இலத்தீனில் 'காட்மியா' என்று பெயர். அதிலிருந்தே காட்மியம் என்று பெயரிட்டார். ஷிப்பத்தில் அதற்குள் நூறாண்டுக்கும் மேலாகக் கழிவுகள் குவிந்துவிட்டன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுரங்கத் தொழில் ஓய்ந்தது. குழிகளும் மேடுகளுமாகக் கிடந்த நிலத்தில் புல் முளைத்தது. அத்தகைய நிலத்தை அப்பகுதி மக்கள் இன்றும் 'கிரஃபி நிலம்' என்றே அழைக்கின்றனர். 20ஆம் நூற்றாண்டில் அந்நிலத்தின் மேல் வீடுகள் எழுந்தன. ஆங்கிலேயருக்கு வீட்டுத் தோட்டம் என்றால் உயிர். முட்டைக்கோசும் பசலையும் சாலட் கீரையும் வளர்த்தனர். அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் காரணமும் இல்லை.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிலவேதியியலாளர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் ஓடைகளின் வண்டலைச் சேகரித்து, எங்கெங்கே எந்தெந்த உலோகம் மிகுந்துள்ளது என்பதைக் காட்டும் ஒரு வரைபடத் தொகுப்பை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மெண்டிப் பகுதியில் காட்மியம் மிகுந்திருப்பதை அஃது எடுத்துக்காட்டியது. பிறகு, ஷிப்பத்தின் தோட்டங்களில் மண் எடுத்துச் சோதித்தனர். பொதுவாக ஒரு கிலோகிராம் மண்ணில் காட்மியம் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஷிப்பத்திலோ பல தோட்டங்களில் அது 100 மில்லிகிராமை ஒட்டி இருந்தது. சில இடங்களில் 360 வரை ஏறியது. பிரிட்டனில் 1980களில் வீட்டுத் தோட்ட மண்ணுக்கு எச்சரிக்கை அளவாக 3 மில்லிகிராம் வகுக்கப்பட்டது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி வெளியானது. செய்தியாளர்கள் ஊரை மொய்த்தனர். அப்பொழுது எல்லாருக்கும் ஜப்பானின் நினைவுதான் வந்திருக்கும். ஆகவே, ஷிப்பத்தில் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்வதற்கு முன் நாமும் ஜப்பானுக்குச் சென்று வர வேண்டும்.

ஜப்பானின் கிபு மாநில மலைகளில் கமியோக்கா என்னும் சுரங்கம் இருந்தது. மிட்சுய் நிறுவனம் அங்கே காரீயமும் துத்தநாகமும் எடுத்தது. போர்க் காலங்களில் உற்பத்தி பெருகியது. கழிவு ஆற்றில் கலந்தது. அந்த நீர் ஜின்சூ ஆறாகத் தொயாமா சமவெளியில் இறங்கி, வாய்க்கால் வழியே நெல் வயல்களில் பாய்ந்தது. அதையே குடித்தனர், அதிலேயே சமைத்தனர். மீன்கள் செத்தன, நெற்பயிர் குன்றியது என்று விவசாயிகள் முறையிட்டது பழைய செய்தி. அதன்பின் வந்ததுதான் கொடுமை. பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்கள் இடுப்பிலும் முதுகிலும் தாங்கொணா வலி என்று படுத்தனர். உடல் குறுகியது. எலும்பு மெலிந்து, சிறு அசைவிலும் முறிந்தது. அவர்கள் இரவும் பகலும் 'இத்தாய், இத்தாய்' என்று கதறினர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது அதன் பொருள். அதுவே அந்நோய்க்குப் பெயராயிற்று.

ஊரார் இதை வெளியில் சொல்லவில்லை. சொன்னால் அவ்வூருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அவ்வூர் அரிசியை வாங்க மாட்டார்கள். முற்பிறவி வினை என்றும் பேசிக்கொண்டனர். நமக்குப் புதிதல்லாத பேச்சுத்தான்.

போர் முடிந்து 1946ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய மருத்துவர் ஹகினோ நொபொரு, தம் குடும்ப மருத்துவமனையில் இந்நோயாளிகளை வரிசையாகக் கண்டார். சத்துக்குறைவு, அளவு மீறிய உழைப்பு என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்ட காலம் அது. ஹகினோ நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தார். புள்ளிகள் ஜின்சூ ஆற்று நீர் பாயும் வயல்களை ஒட்டியே விழுந்தன. 1957இல் சுரங்கக் கழிவே காரணம் என்றார். எதிர்ப்பும் ஏளனமும்தான் கிடைத்தன. வேளாண் அறிஞர் யொஷியோக்கா கின்இச்சியும் ஒகயாமா பல்கலைக்கழகத்தின் கொபயாஷி ஜுனும் துணை நிற்க, 1961ஆம் ஆண்டில் காட்மியமே காரணம் என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. 1968 மே மாதத்தில் ஜப்பானிய அரசு இதனை ஏற்றது. அந்நாட்டில் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று அரசு ஏற்றுக்கொண்ட முதல் நோய் இதுவே. அதே ஆண்டு மக்கள் தொடுத்த வழக்கு 1971இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்து, 1972இல் அங்கும் தோற்றது.

அதன்பின் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். கெட்டுப்போன வயல்களின் மேல்மண்ணை அப்புறப்படுத்தியோ ஆழப் புதைத்தோ, நல்ல மண்ணைப் பரப்பும் பணி 1970களின் இறுதியில் தொடங்கியது. 860 ஹெக்டேருக்கு மேல். முடிந்தது 2012ஆம் ஆண்டில்! செலவு ஏறத்தாழ 4,000 கோடி யென். வழக்கில் வென்ற மக்கள் இழப்பீட்டோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் சுரங்கத்துக்குள் நேரில் சென்று பார்வையிடும் உரிமையையும் எழுதி வாங்கினர். இந்நோய் பெற்றவர்கள் என்று அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 200 பேர். பெரும்பாலோர் பெண்கள். 2012இல் தொயாமாவில் இதற்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டுள்ளது.

இப்பொழுது கவனியுங்கள். இவ்வளவு துயரத்தை விளைவித்த ஜின்சூ வயல் மண்ணில் காட்மியம் எவ்வளவு இருந்தது? ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம், ஒற்றை இலக்கம்தான். ஷிப்பத்தில் நூறு.

ஆகவேதான் 1979இல் ஷிப்பம் மக்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அரசு ஊர் மக்கள் அனைவரையும் மருத்துவச் சோதனைக்கு அழைத்தது. ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டனர். ஒப்பிடுவதற்கு நார்த் பெதர்ட்டன் என்னும் வேறோர் ஊரையும் எடுத்துக்கொண்டனர். தோட்டங்களிலிருந்து காய்கறிகளைப் பறித்துச் சோதித்தனர். சில குடும்பத்தார் ஒரு வாரம் தாங்கள் உண்ட ஒவ்வொன்றிலும் இன்னொரு பங்கை எடுத்துவைத்து ஆய்வுக்குக் கொடுத்தனர்.

காய்கறிகளில் காட்மியம் மிகுதியாகத்தான் இருந்தது, குறிப்பாக இலைக்காய்கறிகளில். ஆனால், மண்ணில் நூறு மடங்கு என்றால் இலையிலும் நூறு மடங்கு இருக்கும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போனது. ஊரார் வாரத்துக்கு உட்கொண்ட காட்மியம் சராசரியாக 0.2 மில்லிகிராம். பிரிட்டன் மக்களின் சராசரியைவிட இது கூடுதல். எனினும், உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 1972இல் வகுத்த 0.4 முதல் 0.5 மில்லிகிராம் என்னும் வார வரம்புக்குள்ளேயே பெரும்பாலோர் இருந்தனர். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் சில சோதனைகளில் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. ஜப்பானில் கண்ட எலும்பு நோய் ஒருவருக்கும் இல்லை. 1939இல் அவ்வூரில் வாழ்ந்தவர்களைப் பதிவேடுகள் வழியே பின்தொடர்ந்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. ஊர் மக்களின் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கூடவில்லை. இரத்த அழுத்தம், சிறுநீரகம் தொடர்பான இறப்புகளில் மட்டும் சிறிது மிகுதி காணப்பட்டது. ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது. ஊரே அழிந்தது என்று அலறவும் முடியாது.

இதற்கு என்ன விளக்கம்?

பெரும் பங்கு சுண்ணாம்புக்கு உரியது. ஷிப்பத்தின் மண் சுண்ணாம்புப் பாறையில் பிறந்தது. அதன் அமில கார அளவு 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அத்தகைய மண்ணில் காட்மியம் மண் துகள்களோடு இறுகப் பற்றிக்கொள்ளும். நீரில் எளிதில் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. அமில மண்ணில் நிலைமை தலைகீழ்.

அடுத்தது துத்தநாகம். செடிக்குத் துத்தநாகம் வேண்டும், காட்மியம் வேண்டாம். ஆனால் இரண்டும் உருவில் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. வேரின் வாயிலில் ஒன்றுக்காகத் திறந்த கதவில் மற்றதும் நுழைந்துவிடும். ஷிப்பம் மண்ணில் காட்மியத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு துத்தநாகம் இருந்தது. ஆகவே, வாயிலில் நெரிசல்; காட்மியம் பின்தள்ளப்பட்டது. மேலும், துத்தநாகம் அளவு மீறினால் கீரை வெளிறிக் குன்றிவிடும். இலையில் காட்மியம் மிக ஏறுவதற்கு முன்னரே அந்தக் கீரை பறிக்கத் தகுதியற்றதாகிவிடும். இஃது இயற்கை வைத்த ஒரு தடை எனலாம்.

நெல்லில் இத்தடை சரியாக இயங்குவதில்லை. ஜின்சூவின் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வயலில் நீர் தேங்கியிருக்கும் வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றும் பருவத்தில் விவசாயி வயலை வடிப்பார். காற்று புகுந்ததும் கந்தகக் கட்டு அவிழ்கிறது. மண்ணின் அமிலத்தன்மையும் கூடுகிறது. காட்மியம் கரைந்து, சரியாக மணி திரளும் வேளையில் வேருக்குள் ஏறுகிறது. நெல் அதனைத் துத்தநாகத்தின் கதவில் அன்றி, பெரும்பாலும் மாங்கனீசுக்கு உரிய கதவில் ஏற்றுக்கொள்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆகவே, மணியில் காட்மியம் ஏறும். துத்தநாகம் அதற்கேற்ப ஏறாது. வயலை வடிக்காமல் வைத்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தால் காட்மியம் குறையும். ஆனால், நச்சுப் பொருளான ஆர்செனிக் அரிசியில் கூடும்!

கடைசியாக, தட்டு. ஷிப்பம் குடும்பம் தன் தோட்டத்துக் கோசை வாரம் ஓரிரு முறை உண்டது. ரொட்டியும் பாலும் இறைச்சியும் வேறெங்கிருந்தோ கடைக்கு வந்தவை. ஜின்சூ குடும்பமோ தன் வயல் அரிசியையே மூன்று வேளையும், ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும் உண்டது. குடலில் காட்மியம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் உடலில் சேரும். இரும்புச் சத்துக் குறைந்தவருக்கு அது கூடும். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று இரத்தசோகையோடு உழைத்த தாய்மார்களே முதலில் விழுந்ததன் காரணங்களுள் இஃது ஒன்று. உடலில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கும். சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கு வேண்டிய சத்து சிறுநீரோடு போய்விடும். எலும்பு முறிந்ததன் வரலாறு அதுதான்.

இனி, நம் சமையலறைக்கு நெருக்கமான செய்தி. எல்லாச் செடிகளும் காட்மியத்தை ஒரே அளவில் ஏற்பதில்லை. பசலை, சாலட் கீரை, செலரி, கடுகு இனக் கீரைகள் மிகுதியாக ஏற்கும். வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாகும்பொழுது உலோகம் இலையிலேயே தங்கிவிடும். பயற்றங்காய் வகைகள் மிகக் குறைவாகவே ஏற்கும். கத்தரியைப் பற்றி ஒரு சுவையான செய்தி. அதன் காயில் காட்மியம் ஓரளவு சேரும். ஆனால், நம் சுண்டைக்காய்ச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டினால் காயில் காட்மியம் வெகுவாகக் குறைகிறது என்று ஜப்பானில் 2000களில் கண்டனர். கசப்பு என்று பிள்ளைகள் ஒதுக்கும் சுண்டைக்காய்க்கு இப்படியும் ஒரு பெருமை.

எல்லாவற்றையும் மிஞ்சும் செடி ஒன்று ஷிப்பத்தின் கிரஃபி நிலத்திலேயே வளர்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி, வெண்ணிறப் பூ. துத்தநாகத்தையும் காட்மியத்தையும் விரும்பி உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் வளர்ந்த இதன் இனச் செடியின் இலையில் துத்தநாகம் அளவு கடந்து இருப்பதை பாமன் என்பவர் 1885ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். இத்தகைய செடிகளை நட்டு, அறுத்து, மண்ணைத் தூய்மையாக்கலாமே என்று அமெரிக்க மண்ணியல் அறிஞர் ரூபஸ் சேனி 1983இல் கருத்துரைத்தார். நல்ல கருத்து, ஆனால், செடி மிகச் சிறியது, பணி மிக மெதுவாக நடக்கும்.

புகையிலையும் இலைதான் என்பதை இங்கே தந்தையர்க்குச் சொல்லி வைக்கிறேன். அதுவும் காட்மியத்தை மிகுதியாக ஏற்கும். புகைப்பவர் உடலில் காட்மியம் புகைக்காதவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். கீரையை அலசி அலசிச் சமைக்கச் சொல்லும் தந்தை, வாசலில் நின்று புகைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அலசுவதைப் பற்றியும் ஒரு சொல். காரீயம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும்; இலைக்கு ஏறுவது குறைவு. கீரையில் காணப்படும் காரீயத்தின் பெரும் பங்கு மேலே படிந்த தூசியும் மண்ணும்தான். ஆகவே, நன்றாக அலசினால் காரீயம் பெருமளவு போகும். காட்மியம் இலையின் உள்ளே இருப்பது; எத்தனை முறை அலசினாலும் போகாது, வேக வைத்தாலும் அழியாது. இலைக்காய்கறிகளுக்கு அனைத்துலக உணவுத் தரக் குழு வகுத்த உச்ச அளவுகள்: ஒரு கிலோவுக்குக் காட்மியம் 0.2 மில்லிகிராம், காரீயம் 0.3 மில்லிகிராம்.

காரீயம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். பேராக்கில் வளர்ந்த நமக்கு ஈயம் என்றாலே ஈய லம்பம், அதாவது வெள்ளீயம். வெள்ளீயம் அவ்வளவு நச்சுத்தன்மை உடையதன்று. ஆனால், சில இடங்களில் வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்தே கிடைத்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் முறிந்து விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குளங்களும் மணல் வெளிகளும் எஞ்சின. கிந்தா பள்ளத்தாக்கின் அம்மணலில் கோழி எருவைக் கொட்டி, சாவிக் கீரையும் கங்கோங்கும் விளைவித்த உழைப்பாளிகளை நாம் அறிவோம். லம்பத்து நிலம் என்பதாலேயே அக்கீரை நஞ்சு என்று சொல்வது பெரும் அநியாயம். கழுவி எடுத்த மணலில் உலோகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சேறு படிந்த இடம்தான் ஐயத்துக்குரியது. மண்ணைக் காட்டிலும் சில பாஸ்பேட் உரங்களில் உள்ள காட்மியத்தைக் கவனிக்க வேண்டிய நிலங்களும் உண்டு.

இந்த ஐயம் எங்கள் பள்ளிக்கே வந்தது. எங்கள் காய்கறித் தோட்டம் இருப்பது அத்தகைய மணல் கொட்டி நிரப்பிய நிலத்தில். மாணவர்கள் வளர்க்கும் கீரையை வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது வழக்கம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "ஐயா, இந்தக் கீரையைப் பிள்ளைகள் சாப்பிடலாமா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷிப்பத்தின் எண்ணும் ஜின்சூவின் எண்ணும்தான் நினைவுக்கு வந்தன. நம் நாட்டு மண் ஷிப்பத்தைப் போன்றதன்று. அமில கார அளவு 4, 5 என்று இருப்பது இங்கே இயல்பு. அங்கே சுண்ணாம்புப் பாறை செய்த காவலை இங்கே நாம்தான் செய்ய வேண்டும்.

தலைமையாசிரியரின் இசைவோடு நாங்கள் செய்தவை இவை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பாத்தி வாரியாக மண்ணின் அமில கார அளவைச் சோதித்தனர். ஒரு பாத்தி 4.6, இன்னொன்று 5.1; அடுப்புச் சாம்பல் கொட்டி வந்த மூலைப் பாத்தி மட்டும் 6.4. எல்லாப் பாத்திகளுக்கும் சுண்ணாம்பு இட்டோம். வடிகாலை ஒட்டிய பாத்தியில் கங்கோங்கை எடுத்துவிட்டு நீண்ட பயற்றங்காயும் வெள்ளரியும் நட்டோம். கீரைக்கு மட்டும் வேறு மண் வாங்கிப் பலகை அடித்து உயர்த்திய பாத்தி அமைத்தோம். அந்நிலம் யாரிடம் இருந்தது, மணல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அப்பகுதியில் லம்பத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருவரை மாணவர்கள் பேட்டி கண்டனர். மணல் எங்கே, சேறு எங்கே கொட்டப்பட்டது என்பதை ஒருவர் கைத்தடியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். பள்ளித் திடலின் கீழ்ப்பகுதி சேறு என்றார்.

அந்தக் கோட்டின் இரு பக்கங்களிலிருந்தும் மண்ணும், பழைய பாத்திகளிலிருந்து கீரையும் எடுத்து, தனித்தனிப் பைகளில் பெயர் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியுள்ளோம். மண்ணை மட்டும் அனுப்பினால் போதுமே என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். கீரையும் போகட்டும் என்றேன். முடிவு வந்ததும், எண் எதுவாயினும், அதனை அந்தத் தாயாரிடம் முதலில் கொடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.